மணி பிளான்ட்டை நாய்க்குட்டி கடித்துவிட்டால்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அடுக்குமாடி வீடு, நாலு மாத லேப்ரடார் குட்டி. பால்கனியில் தொங்கிக்கொண்டிருந்த மணி பிளான்ட் கொடியை இழுத்து இரண்டு இலைகளை மென்றுவிட்டது. எச்சில் ஒழுகியது, ஒரு தடவை வாந்தி எடுத்தது, இரவுக்குள் சரியாகிவிட்டது. இணையத்தில் தேடினால் நாய்களுக்கு நச்சு என்று வருகிறது. கணவர் செடியைத் தூக்கிப்போடச் சொல்கிறார். கருணைக்கிழங்கு காறினால் புளி சேர்ப்பதுபோல, குட்டிக்கும் கொஞ்சம் புளித்தண்ணீர் கொடுத்திருக்கலாமே என்கிறார் மாமியார். செடியை வைத்துக்கொள்ளலாமா, மறுபடி நடந்தால் என்ன செய்வது, புதிதாக எந்தச் செடி வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

மணி பிளான்ட் நாய்க்கு ஆகாத செடிதான். ஆனால் நாயைக் கொல்லும் செடி இல்லை. செடியைத் தூக்கிப்போட வேண்டியதில்லை, எட்டாத இடத்துக்கு மாற்றினால் போதும். புளித்தண்ணீர் மட்டும் வேண்டவே வேண்டாம். அதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் உங்கள் வீட்டில் நடந்ததிலேயே ஆபத்தான விஷயம் அந்த யோசனைதான்.

இத்தனைக்கும் மாமியார் சொன்னதில் பாதி மிகச் சரி. மணி பிளான்ட்டும் கருணை, சேனை, சேம்பு எல்லாமும் ஒரே குடும்பம். காறலுக்குக் காரணமும் ஒன்றேதான். இந்தச் செடிகளின் தண்டிலும் இலையிலும் சில செல்களுக்குள் கால்சியம் ஆக்சலேட் என்ற உப்பு, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஊசிகளாகக் கட்டுக்கட்டாக அடுக்கப்பட்டிருக்கும். இலையைக் கடித்ததும் அந்தச் செல்கள் உடைந்து ஊசிகள் வெளியே பாய்ந்து நாக்கிலும் ஈறிலும் தொண்டையிலும் குத்தும். சரியாக வேகாத கருணையைத் தின்ற அன்று நமக்குத் தொண்டையில் என்ன நடந்ததோ, அதேதான் உங்கள் குட்டிக்கும் நடந்திருக்கிறது.

இதில் நாய்க்கு ஒரு நன்மை உண்டு. வலி உடனே தெரிகிறது. பெரும்பாலான நாய்கள் ஒரு கடியோடு விட்டுவிடும், வயிறு நிறையத் தின்னாது. குட்டிகள்தான் விளையாட்டில் மென்று கொஞ்சம் விழுங்கிவிடும். அப்போதும் எச்சில் கயிறுபோல் ஒழுகுவது, முன்னங்காலால் முகத்தைத் தேய்த்துக்கொள்வது, உதட்டைத் தரையில் உரசுவது, ஓரிரு தடவை வாந்தி, அன்றைக்குச் சாப்பாட்டைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வது என்று இந்த அளவில்தான் நிற்கும். சில மணி நேரத்தில் தணிய ஆரம்பிக்கும், அதிகம் போனால் ஒரு நாள். ஆரோக்கியமான நாய் ஓரிரு மணி பிளான்ட் இலையால் செத்துப்போகாது.

இணையத்தில் தேடிப் பயந்தவர்கள் அடுத்து கேட்பது, "ஆக்சலேட் என்றால் கிட்னி போய்விடுமாமே?" என்பது. அந்தப் பயம் வேறு வகைச் செடிகளுக்கானது. ஆக்சலேட்டில் தண்ணீரில் கரைவது, கரையாதது என்று இரண்டு உண்டு. கரையும் வகை ரத்தத்தில் கலந்து, அங்கிருக்கும் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சிறுநீரகத்தில் போய்ப் படியும். மணி பிளான்ட்டில் இருப்பது கரையாத வகை. அது குத்துகிற இடத்தில் குத்திவிட்டு அங்கேயே நின்றுவிடுகிறது. நச்சு என்ற ஒரே சொல்லை எல்லாச் செடிக்கும் ஒட்டிவிடுவதால் வருகிற குழப்பம் இது. அமெரிக்க விலங்குநல அமைப்பான ஏ.எஸ்.பி.சி.ஏ.வின் பட்டியல்தான் உலகம் முழுக்கப் பிரதி எடுக்கப்படுகிறது. அதிலும் மணி பிளான்ட் நச்சுதான், அரளியும் நச்சுதான். இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தை அந்த ஒரு சொல் காட்டாது.

இனி புளி. கிழங்கு சமைக்கும்போது புளி போடுவதும், அரிசி கழுவிய தண்ணீரில் வேகவைப்பதும் காறலைக் குறைக்கத்தான், அது நம் அடுப்படிக்குச் சரி. நாய்க்குப் புளி ஒத்துவராது. திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது நெடுநாளாகத் தெரிந்ததுதான், எதனால் என்றுதான் தெரியாமல் இருந்தது. 2021 வாக்கில் அமெரிக்கக் கால்நடை நச்சியல் மருத்துவர்கள் டார்டாரிக் அமிலத்தைக் கை காட்டினார்கள். அதே அமிலம் நிறைந்த புளியைத் தின்ற நாய்களுக்கும் அதேபோலச் சிறுநீரகம் பழுதானது அதற்குப் பிறகு பதிவாகியிருக்கிறது. நம் புளியின் புளிப்பில் பெரும்பங்கு அந்த டார்டாரிக் அமிலம்தான். ஆக, தானாகவே ஆறிப்போகும் வாய் எரிச்சலுக்கு, சிறுநீரகத்தைத் தாக்கக்கூடிய ஒன்றை மருந்தாகக் கொடுத்ததாகிவிடும்.

ரசம் சாதம் தின்றே வளர்ந்த நாய்கள் ஊர் முழுக்க இருக்கின்றனவே என்று கேட்பீர்கள். இருக்கின்றன. ரசத்தில் புளி நீர்த்துப்போயிருக்கும், ஒரு கரண்டி சாதத்தோடு போவது மிகக் கொஞ்சம். கெட்டியாகக் கரைத்து வாயில் ஊற்றுவது வேறு கணக்கு. எந்த நாய்க்கு எவ்வளவில் கெடுதல் வரும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. என்னைக் கேட்டால் ரசத்தையும் நிறுத்திவிடுவது நல்லது. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும் என்பதால் குழம்பு சாதத்துக்கும் நான் எதிரி.

புளி மட்டுமில்லை, இன்னும் சில கைவைத்தியங்கள் உண்டு. வாந்தி எடுக்கவைக்க உப்புத்தண்ணீர் கொடுப்பது அதில் முக்கியமானது. சிறிய நாய்க்கு உப்பு கூடிப்போனால் ரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்பு வரும், உயிரும் போகலாம். மணி பிளான்ட் விஷயத்தில் வாந்தி எடுக்கவைப்பதே தவறு, ஊசிகள் குத்திய தொண்டை வழியாக அதையே இன்னொரு தடவை மேலே கொண்டுவருகிறீர்கள். அதேபோல் வலிக்கிறதே என்று பாராசிட்டமால், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் என்று நம் மாத்திரைப் பெட்டியிலிருந்து எதையும் எடுக்காதீர்கள். மணி பிளான்ட் கடித்துப் பிழைத்த நாயை மாத்திரை கொடுத்து நோயாளியாக்கிக் கொண்டுவருகிறவர்கள் உண்டு.

சரி, என்னதான் செய்வது? முதலில் வாயைத் திறந்து பாருங்கள். மேலண்ணத்தில் இலைத்துண்டு ஒட்டிக்கொண்டிருக்கும். குட்டி ஓயாமல் நாக்கைச் சுழற்றுவதற்குப் பல சமயம் அதுதான் காரணம், நாமோ எல்லாம் விஷத்தின் வேலை என்று நினைத்துக்கொண்டிருப்போம். விரலில் ஈரத்துணியைச் சுற்றி அதை வழித்து எடுங்கள். பிறகு தலையைச் சற்றுக் கீழ்நோக்கிப் பிடித்துக்கொண்டு, வாயின் பக்கவாட்டிலிருந்து தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். நேரே தொண்டைக்குள் பீய்ச்சினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அதற்கப்புறம் குளிர்ந்த தயிர் ஒன்றிரண்டு கரண்டி, பெரிய நாயாக இருந்தால் இன்னும் கொஞ்சம். தயிரில் உள்ள கால்சியம் மிச்சமிருக்கும் ஆக்சலேட்டைப் பிடித்துக்கொள்ளும் என்பார்கள். எனக்கு அதைவிட, குளிர்ச்சியாக இருப்பதும் நாய் மறுக்காமல் நக்குவதும்தான் முக்கியம். பாலும் கொடுக்கலாம், ஆனால் நிறையக் கொடுத்தால் பேதியாகும், அதையும் செடியின் மேல் பழி போடுவோம். சர்க்கரைக்குப் பதிலாக வேறு இனிப்பூட்டி சேர்த்த கடைத் தயிர் வேண்டாம். சைலிட்டால் என்ற இனிப்பூட்டி நாய்க்குக் கொடிய விஷம்.

அன்று இரவு குழைந்த சாதமும் தயிரும் போதும், சாப்பிட மறுத்தால் விட்டுவிடலாம். தண்ணீர் மட்டும் பக்கத்தில் இருக்கட்டும்.

மருத்துவரிடம் ஓட வேண்டிய நேரமும் உண்டு. நாக்கோ உதடோ கண்ணெதிரே வீங்கிக்கொண்டே போனால், மூச்சில் சத்தம் கேட்டால், தண்ணீரைக்கூட விழுங்க முடியாமல் திணறினால், வாந்தி நிற்காமல் போனால், சாறு கண்ணில் பட்டுக் கண்ணைத் திறக்காமல் இருந்தால் காத்திருக்காதீர்கள். பக், ஷிட்சு மாதிரி மூக்கு சப்பையான நாய்களுக்கு மூச்சுப்பாதை ஏற்கெனவே குறுகல், அதனால் கொஞ்சம் வீக்கத்துக்கும் நான் வரச் சொல்லிவிடுவேன். கிளம்பும்போது செடியைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், முடிந்தால் கடித்த கிளையில் ஒரு துண்டை உறையில் போட்டுக் கொண்டுவாருங்கள். "பச்சையா ஒரு செடிங்க, இலை இப்படி நீளமா இருக்கும்" என்ற வர்ணனையை வைத்து எந்த மருத்துவராலும் சிகிச்சையை முடிவு செய்ய முடியாது.

இதே குடும்பத்துச் செடிகள் உங்கள் வீட்டில் இன்னும் இருக்கலாம். ஃபிலோடென்ட்ரான், சிங்கோனியம், மான்ஸ்டெரா, ஆந்தூரியம், அக்லோனிமா, பீஸ் லில்லி, இசட் இசட் பிளான்ட் எல்லாம் இந்த ஊசிக்கூட்டம்தான், மேலே சொன்ன முதலுதவியே எல்லாவற்றுக்கும் பொருந்தும். இவற்றில் கொஞ்சம் கடுமையானது டீஃபன்பேக்கியா. வெள்ளைப் புள்ளி தெளித்த பெரிய இலைகளோடு அலுவலக வரவேற்பறையில் நிற்குமே, அதுதான். மணி பிளான்ட்டை உயரத்தில் தொங்கவிடலாம். தரையில் நிற்கும் டீஃபன்பேக்கியாவை அப்படிச் செய்ய முடியாது. குட்டி இருக்கும் வீட்டில் அதைக் கொடுத்துவிடுங்கள்.

ஆனால் உங்கள் பால்கனிப் படத்தைப் பார்த்தபோது என் கண் மணி பிளான்ட்டில் நிற்கவில்லை. அதற்குக் கீழே, குட்டியின் முகம் படும் உயரத்தில், தடித்த அடிமரத்தோடு அடீனியம் ஒன்று பூத்திருக்கிறது. அதுதான் விஷம். அரளியின் சொந்தக்காரச் செடி. அதன் பாலில் இதயத்தைத் தாக்கும் கிளைகோசைடுகள் இருக்கின்றன. ஆப்பிரிக்காவில் வேட்டை அம்பின் நுனியில் தடவ இந்தச் சாற்றைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். இதில் வாய் எரிச்சல் முன்னெச்சரிக்கையாக வந்து நாயைத் தடுக்காது. வாந்தி, சோர்வு, அப்புறம் இதயத்துடிப்பு தாறுமாறாகும். மொட்டைமாடித் தோட்டக்காரர்கள் அடீனியத்தைக் கவாத்து செய்து, வெட்டிய தண்டுகளைக் காய்வதற்காகத் தரையிலேயே போட்டுவைப்பார்கள். விரல் கனத்தில், கடிக்க வாட்டமான குச்சி. பல் முளைக்கும் குட்டிக்கு அதைவிடப் பிடித்த சாமான் கிடையாது. அடீனியத்தைக் கடித்த நாய்க்குத் தயிர் கொடுத்து உட்கார்ந்திருக்கக்கூடாது, அறிகுறி தெரிகிறதோ இல்லையோ அந்த நிமிடமே வண்டியை எடுக்க வேண்டும்.

அரளியும் மஞ்சள் அரளியும் இதே கணக்கு. காய்ந்த இலையிலும் விஷம் போவதில்லை. பூஜைக்குப் பறித்த மிச்சத்தையும், சாமி படத்திலிருந்து கழற்றிய அரளி மாலையையும் நாய் எட்டும் கூடையில் போடாதீர்கள். நான்குவழிச் சாலைகளின் நடுத்திட்டில் வரிசையாக நிற்பதும் அரளிதான். நடைக்குக் கூட்டிப்போகும்போது குச்சி பொறுக்கும் பழக்கமுள்ள நாயை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

அடீனியத்துக்கு அடுத்து நான் பயப்படுவது சைகஸ். வாசலில் இரண்டு பக்கமும் தொட்டியில் வைப்பார்கள், விறைத்த இறகு மாதிரி இலைகள். இதில் சைகாசின் என்ற நச்சு ஈரலை அழிக்கும். எல்லாப் பாகத்திலும் உண்டு, விதையில்தான் மிக அதிகம். ஓரிரு விதையே ஒரு நாயைக் கொல்லப் போதும். கேரளத்தில் ஈந்தங்காயை மாவாக்கிச் சாப்பிடுகிறார்கள், அதுவும் சைகஸ் இனம்தான். ஆனால் அவர்கள் நறுக்கி, காயவைத்து, ஊறவைத்து நஞ்சை நீக்கிய பிறகுதான் வாயில் வைக்கிறார்கள். நாய் அப்படியே கடித்து விழுங்குகிறது. இதில் ஏமாற்றும் விஷயம் நடுவில் வரும் இடைவெளி. முதல் நாள் வாந்தி எடுத்துவிட்டுக் கொஞ்சம் தெளிந்ததுபோல் இருக்கும், வீட்டுக்காரர்கள் நிம்மதியாகிவிடுவார்கள். இரண்டு மூன்று நாளில் ஈறும் கண்ணும் மஞ்சளாகி வந்து நிற்கும். அப்போது எங்களால் செய்ய முடிவது குறைவு.

தொட்டியில் நிற்கும் செடியைப் பற்றியே எல்லாரும் கேட்கிறார்கள், தொட்டிக்குள் போடும் உரத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. எலும்புத் தூளும் மீன் அமிலமும் நாய்க்கு விருந்து வாசனை. ஆமணக்குப் புண்ணாக்கில், நஞ்சு நீக்காததாக இருந்தால், ரிசின் என்ற கடும் விஷம் இருக்கிறது. இரண்டையும் ஒரே கலவையில் போட்டு மண்ணில் கிளறிவிட்டால், பூச்சிக்கு வைக்க வேண்டிய விஷப்பொறியை நாய்க்கு வைத்ததாகிறது. அது மண்ணோடு சேர்த்து அள்ளித் தின்னும். எலும்புத் தூள் மட்டும் அதிகம் போனாலும் வயிற்றுக்குள் சிமென்ட்டாகக் கட்டிக்கொள்வதுண்டு. நத்தைக்குப் போடும் மெட்டால்டிஹைடு குருணை இன்னும் மோசம், தின்ற சில மணி நேரத்துக்குள் நடுக்கமும் வலிப்பும் வரும். கார்போஃபியூரான் போன்ற குருணை மருந்தை வீட்டுத் தொட்டியில் போடவே கூடாது, நாய் இருந்தாலும் இல்லாவிட்டாலும். நன்றாக மக்கிய மண்புழு உரம் போதும். எதைப் போட்டாலும் மேலே கூழாங்கல் பரப்பிவிடுங்கள், கூழாங்கல் குட்டியின் வாய்க்குள் போகாத அளவுக்குப் பெரிதாக இருக்கட்டும்.

உங்கள் மணி பிளான்ட்டுக்கு வருவோம். தொங்கு தொட்டியில் வைத்தால் மட்டும் போதாது, கொடி மாதத்துக்கு ஒரு முழம் இறங்கிவிடும். குட்டி பின்னங்காலில் நின்றால் எட்டும் உயரத்துக்கு மேலேயே நுனியைக் கிள்ளிக்கொண்டிருங்கள், அல்லது கொடியை மேலே சுவரோரமாக ஏற்றிக் கட்டிவிடுங்கள். பழுத்து விழும் மஞ்சள் இலையைக் காலையில் பெருக்கும்போதே எடுத்துவிட வேண்டும், அதிலும் ஊசி இருக்கிறது. பாட்டில் தண்ணீரில் வளர்ப்பவர்கள், நாய் அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டதே என்று பதறி அழைப்பார்கள். ஊசிகள் செல்லுக்குள் இருப்பவை, தண்ணீரில் கரைந்து வருபவை அல்ல. திரவ உரம் எதுவும் கலக்காத தண்ணீர் என்றால் பதற வேண்டாம். பாட்டில் உடைந்து காலில் குத்துவதுதான் அங்கே பெரிய தொல்லை.

மிளகாய்த்தூளைத் தூவிவைக்கலாமா என்றும் சிலர் கேட்பதுண்டு. வேண்டாம், அது கண்ணிலும் மூக்கிலும் போகும். குட்டி செடியைக் கடிப்பது குறும்பால் இல்லை. மூன்று மாதத்திலிருந்து ஏழு மாதம்வரை பால் பல் விழுந்து புதுப் பல் முளைக்கிறது, ஈறு அரிக்கிறது. ஃப்ரீசரில் வைத்த கேரட்டோ, முறுக்கி நனைத்து உறையவைத்த பழைய துண்டோ கொடுத்துப் பாருங்கள். துண்டை நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் கொடுங்கள், நூலைப் பிய்த்து விழுங்கக்கூடாது.

புதிதாக வாங்க: ஸ்பைடர் பிளான்ட், பாஸ்டன் ஃபெர்ன், அரேக்கா பாம் மூன்றும் நாய்க்குப் பாதுகாப்பானவை. மல்லிகையும் ரோஜாவும் தாராளமாக வைக்கலாம், ரோஜாவில் முள் மட்டும்தான் பிரச்சினை. துளசி பயமில்லை. ஆனால் சளிக்குக் குழந்தைக்குக் கொடுக்கும் கற்பூரவல்லி, நாய் நிறையத் தின்றால் வாந்தியும் பேதியும் தரும். கற்றாழையின் உள்ளே இருக்கும் கண்ணாடிச் சதையைவிடத் தோலுக்கடியில் கசியும் மஞ்சள் பால்தான் வயிற்றைக் கலக்கும், நாய் இரண்டையும் பிரித்துத் தின்னாது. ஸ்னேக் பிளான்ட்டும் லக்கி பேம்பூவும் லேசான வயிற்றுக்கோளாறோடு நிற்பவை. ஜேட் என்று நர்சரியில் விற்பதில் இரண்டு செடிகள் உண்டு. சிறிய வட்ட இலையும் செந்நிறத் தண்டுமாக நம் ஊரில் அதிகம் கிடைப்பது போர்ட்டுலகேரியா, அதனால் நாய்க்குக் கெடுதல் இல்லை. இலை பெரிதாகவும் தடிப்பாகவும் இருக்கும் கிராசுலா நாய்க்கு ஆகாது.

எந்தப் பாதுகாப்பான செடியையும் ஒரு நாய் வயிறு முட்டத் தின்றால் வாந்தி எடுக்கத்தான் செய்யும், அதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். நர்சரியில் பாம் என்று மட்டும் கேட்டால் சைகஸையும் அதே வரிசையில் காட்டுவார்கள், சேகோ பாம் என்றும் சொல்வார்கள். அரேக்காவின் இலை மென்மையாக வளையும், சைகஸின் இலை நுனி கையில் குத்தும். தொட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.